பிளாப்பிக்குப் பொட்டு வைத்தவன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "அந்தக் கம்ப்யூட்டர் கதையா?" என்று கேட்பாள். கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். நான் பேனாவை மூடிவிடுவேன். இந்தத் தடவை மூடப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கேட்டு எழுதுவதல்ல. நான் செய்தது பக்தி. செய்த இடம்தான் விரல்கடை அளவு விலகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை ஒன்று இருந்தது. அதில் நான் ஆபரேட்டர். படிப்பு பத்தாம் வகுப்பு (ஆங்கிலம் மூன்றாம் தடவையில் பாஸ்). அதற்கு மேல் மூன்று மாதக் கம்ப்யூட்டர் பயிற்சி. அங்கே நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்பதை. அது ஒன்றே எனக்குப் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள்.

எங்கள் கடை மிஷினுக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. ராத்திரி அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். காலையில் சுவிட்சைப் போட்டதும், "நீ இன்னார், உன் வேலை இன்னது" என்று அதற்கு ஒரு பிளாப்பிதான் சொல்லித்தர வேண்டும். அதைப் போட்டு மிஷின் எழுந்திருந்த பிறகுதான் ஜாதகப் பிளாப்பியைப் போட முடியும். பிளாப்பி என்றால் உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு சதுர உறை, அதற்குள் பழுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு தகடு.

அந்தச் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். நாச்சியார் கோயில் வாசலில் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் பத்துப் பொருத்தமும் தெரிந்துபோயிற்று. பெண்ணின் அப்பா மில்லில் ஃபிட்டர். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல வேலை பாக்காருன்னு சொல்லுதிய. அவரு கையாலயே பொருத்தம் போட்டுக் காட்டட்டும். விஜயதசமியன்னைக்கு வாரோம்."

முந்தின நாள் ஆயுத பூஜை. முதலாளி, "ஏலே கணேசா, பூஜையை நீயே பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். (ஊரில் இந்தக் கதையைச் சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.) கடையைக் கழுவினேன். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். பிரிண்டருக்கும் அப்படியே. கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஊதுபத்திக் குச்சி முனையால் கடுகளவு. பிறகு பிளாப்பிகள். பதினொன்று இருந்தன.

எங்கே வைப்பது? உறை முழுக்க ஒரே கறுப்பு. ஒரு பக்கத்தில் மட்டும் நீள்வட்டமாக ஒரு திறப்பு, அதற்குள் தகடு பளபளவென்று மின்னியது. நெற்றி! நீங்களே பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஓரவஞ்சனை இல்லாமல் பத்துப் பிளாப்பிக்கும் வைத்தேன். மிஷினை எழுப்புகிற முதல் பிளாப்பி கெட்டுப்போனால் ஆகும் என்று முதலாளி எடுத்து வைத்திருந்த நகலும் அந்தப் பத்தில் ஒன்று. அதற்கும் வைத்தேன். பதினோராவதில் இருந்தது முதலாளி விளையாடுகிற விளையாட்டு; முதல் பிளாப்பி இல்லாமலே அது மிஷினை எழுப்பிவிடும். அதற்கெல்லாம் எதற்குப் பூஜை என்று இழுப்பறையில் தள்ளிவிட்டேன்.

மறுநாள் மாமாவும் அத்தையும் வந்தார்கள். (அப்போதே மனசுக்குள் மாமா, அத்தைதான்.) செருப்பைக் கழற்றச் சொன்னேன். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மானிட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்தனம் காய்ந்துபோயிருந்தது, பூஜையில் வைத்ததைத் துடைப்பது அபசாரம். அப்படியே முதல் பிளாப்பியை உள்ளே தள்ளிச் சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

மாமா காதைச் சாய்த்தார். "தம்பி, உள்ள என்னமோ உரசுது."

"இல்ல மாமா, அது யோசிக்குது."

திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தது. வேறு பிளாப்பியைப் போட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்ற மட்டில் எனக்குப் புரிந்தது. நகலைப் போட்டேன். கர்ர்ர்ர். அதே இரண்டு வரி. அடுத்ததைப் போட்டேன். அதற்கும் அடுத்ததைப் போட்டேன். ஒவ்வொன்றும் தன் பங்குச் சந்தனத்தை உள்ளே அப்பிவிட்டு வருகிறது என்று எனக்கெப்படித் தெரியும்?

"பொருத்தம் வந்திருச்சா தம்பி?" என்றார் அத்தை.

"வந்துக்கிட்டே இருக்கு அத்தை."

"எம்புட்டு நேரமாகும்?"

"ராகு காலம் கழியட்டும்னு நிக்குது போல."

அத்தை எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இப்ப ராகு காலம் இல்லையே!"

எட்டாவது பிளாப்பியில் ஈரத்துணி வைத்துத் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் கரைந்து தகடு முழுக்கப் பரவியது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னடா இது என்று கேட்க, அதிர்ச்சியில் அதுதான் வந்தது. "ஏமிரா இதி!"

என்னைப் பிரிண்டர் பக்கம் இழுத்துப்போய்க் காதோரம் சொன்னார். "லோ வோல்டேஜ்னு சொல்லி அனுப்பிருதேன். நீ வாயைத் தொறக்காத. சம்பந்தம் கெட்டுப்போகும்."

நல்ல மனுஷர். தலையாட்டியிருக்கலாம். ஆனால் சாமிக்கு வைத்ததை ஒளித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. சத்தமாகவே சொன்னேன். "வோல்டேஜ் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான் சந்தனம் வச்சேன். எல்லாத்துக்கும் வச்சேன்."

மாமா பிளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தம்பி, நானும் மில்லுல வருசா வருசம் பொட்டு வைக்கேன். பாடியில வைப்பேன். பேரிங்ல கொண்டுபோய் வைப்பனா?"

"அந்தப் புள்ளைக்கு எது பாடி, எது பேரிங்னு யாரு சொன்னா?" என்று அத்தை பாய்ந்தார். "சாமிக்கு வச்சது ஒரு குத்தமா?"

"நீ செத்த நேரம் சும்மா இரு."

"எனக்கு அது நெத்தி மாதிரி தெரிஞ்சது மாமா," என்றேன். "இப்பவும் அப்படித்தான் தெரியுது."

மாமா சட்டைக் கையை மடக்கிவிட்டு, "திருப்புளி இருக்கா?" என்று கேட்டார். மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தேன். பிளாப்பி நுழைகிற பெட்டியை அவர் கழற்றினார். உள்ளே, தகட்டைத் தொட்டுப் படிக்கிற மிளகளவு முனையொன்று மஞ்சள் மூடிக் கிடந்தது. துடைக்கத் துடைக்கக் கடையெல்லாம் கோயில் வாசனை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, "இப்ப சுத்தமான பிளாப்பி ஒண்ணு போடு" என்றார்.

சுத்தமான பிளாப்பி ஒன்றுதான் இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஷின் எழுந்தது! எழுந்த கையோடு ஒரு குட்டி விமானம் பறந்து வந்து டுப் டுப் என்று சுட ஆரம்பித்தது. மேல் மூலையில் பெரிதாக ஒரு பூஜ்யம்.

"ஐயையோ!" அத்தை நெஞ்சில் கை வைத்தார். "பத்துக்குப் பூஜ்யமா?"

அது விளையாட்டு என்று விளக்கிச் சொல்வதற்குள் விமானம் வெடித்துவிட்டது. இருவரும் செருப்பை மாட்டினார்கள். "சொல்லி அனுப்புதோம்" என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று நான் சாப்பிடவில்லை. ஆண்டாளிடம் போய் நின்று, "உனக்குச் செய்ததுதானே தாயே" என்று சண்டை போட்டேன்.

மதுரையிலிருந்து புதுப் பிளாப்பிகள் வந்த அன்று, ஷிப்ட் முடிந்து மாமா தனியாக வந்து நின்றார்.

"மிஷின் எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சிருச்சு மாமா. பொருத்தம் போடட்டுமா?"

"போடாத. கெடுதலா ஏதும் வந்தாலும் உங்க அத்தை நம்பப்போறதில்ல. அவ அன்னைக்கே முடிவு பண்ணிட்டா. தை மாசத்துல வச்சுக்கிடுவோம்." வாசல் வரை போய்த் திரும்பினார். "பொறவு வா, எது பாடி எது பேரிங்னு நான் சொல்லித்தாரேன்."

அந்தக் கடையில் இருந்தவரைக்கும் எத்தனையோ பேருக்குப் பொருத்தம் போட்டுக் கொடுத்தேன். எங்களுக்கு இன்றுவரை பார்க்கவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் என் மகள் கேட்பது, "அப்பா, எங்க பொட்டு வச்சிய?" ஆயுத பூஜை வந்தால் தன் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மூடி மேல மட்டும்!" என்பாள். நானும் வைக்கிறேன். வைப்பேன்.

மச்சினன் சொல்லும்போது நான் மானிட்டர் மேல் தேங்காய் உடைத்ததாகச் சொல்கிறான். முதலாளியின் தம்பி, நான் அதற்குத் தீர்த்தம் தெளித்ததாகவும் சேர்த்துக்கொண்டார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர், கற்பூரம் காட்டிக் கீபோர்டு உருகியதாக என்னிடமே சொல்லிச் சிரித்தார். ஆகையால் படிக்கிறவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். தேங்காயை நான் வாசல்படியில்தான் உடைத்தேன்.