தராசைச் சுத்தம் செய்தவன்

சுத்தம் பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. அழுக்கைத் துடைப்பவர்கள், அகப்பட்டதையெல்லாம் துடைப்பவர்கள். இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்த புதிதில் நான் இரண்டாவது வகையில் முதல் ஆள்.

அங்கே கால்சாப் பகுதியில் அகத்தா அம்மாவின் வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை. சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியை. ஞாயிறுகளில் பகேரியாவுக்கு அப்பால் துவக்குச் சுடும் போட்டிக்குப் போவார். தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்தைத் தராசில் நிறுத்து அடைப்பார். (எங்கட ஊர் ரீச்சர்மார் பென்சன் எடுத்தால் ரோசாச் செடி வளர்ப்பினம்.)

“புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டினால் உள்ளே அழுத்தம் எகிறும். துவக்கு முகத்திலேயே வெடிக்கும். நான் அந்த எல்லைக்குக் கிட்டவும் போவதில்லை” என்று ஒருநாள் சொன்னார். தலையாட்டினேன். (என் இத்தாலியமொழி அப்போது தலையாட்டும் அளவில்தான் இருந்தது.)

ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய தராசில் மருந்து போடும் தட்டின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி எறிந்து, தட்டை வெள்ளிபோல மினுக்கினேன். மறுநாள் தேநீர் குடிக்கும்போது மனைவி வசந்தியிடம் அந்தப் பெருமையை அளந்தேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இஞ்சேருங்கோ, அது ஊத்தை இல்லை. தட்டைச் சமனாக்க ஒட்டின ஈயம். எங்கட கடைத் தராசிலயும் அப்பா ஒட்டி வைச்சவர். அதை எடுத்தா தட்டு லேசாகும், மனிசி மருந்தைக் கூடப் போட்டிடும்!”

“நேற்றுப் பின்னேரம்தானே தோட்டா அடைச்சவ…”

“அப்ப ஏன் இன்னும் இருக்கிறீங்கள்? ஓடுங்கோ!”

சிஞ்ஞோராவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பகேரியா ரயிலில் நான் உட்காரவில்லை. வண்டியை உள்ளேயிருந்து தள்ளுகிறவன்போல இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடந்தேன். நிலையத்திலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிய முச்சக்கர வண்டியில், மூட்டைகளுக்கு மேல் பயணம். இறங்கி மேட்டில் ஏறும்போது முதல் வெடிச் சத்தம் கேட்டது. என் உயிர் பாதி போய்விட்டது.

சிஞ்ஞோரா காதடைப்பான் மாட்டி, குப்புறப் படுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றைத் தாண்டினேன். கயிறு என்னைத் தாண்ட விடவில்லை. சேற்றில் முகம் குத்த விழுந்தேன். மேற்பார்வையாளர் விசில் ஊதினார். எல்லாத் துவக்குகளும் தாழ்ந்தன. சிஞ்ஞோரா காதடைப்பானைக் கழற்றினார்.

ரயிலில் பாடமாக்கிய வசனத்தை உயிரைக் கொடுத்துக் கத்தினேன்: “நோன் ஸ்பரீரே, சிஞ்ஞோரா!”

சுடுவதற்கு ‘ஸ்பராரே’ என்று சொல்லவேண்டும். ‘ஸ்பரீரே’ என்றால் காணாமல் போவது. அத்தனை பேர் நடுவில், சேற்றில் கிடந்து, ஒரு கிழவியிடம் ‘என்னை விட்டு மறைந்துவிடாதே’ என்று நான் கெஞ்சியிருக்கிறேன்.

“இந்த முழங்காலோடு நான் எங்கே போவது?” என்றார் அவர். மைதானமே சிரித்தது.

கைப்பாஷையில் தராசுக் கதையைச் சொன்னேன். அவர் என் முகத்துச் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார். “அது நேற்றே தெரியும். தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பார்க்காமல் நான் ஒருநாளும் மருந்து நிறுப்பதில்லை. தராசு பொய் சொன்னது, சரிசெய்துவிட்டுத்தான் அடைத்தேன்.”

“பிறகேன் எனக்குச் சொல்லவில்லை?”

“தட்டு அவ்வளவு அழகாக மின்னியது. உன் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன்.”

இது நடந்து பல வருடங்கள். என் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். போன மாதம் நாப்போலிக்குக் கப்பலேறினேன். அவள் துறைமுகத்தில் நின்று, தொண்டை கிழிய, “பப்பா, நோன் ஸ்பரீரே!” என்று கத்தினாள். கப்பலில் என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெட்கமாக இல்லையா? இறங்கிப் பிள்ளையிடம் போ!” என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.