மேகம் சாரும் ஐந்து மூட்டை நெல்லும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் வானத்தை அண்ணாந்து பார்க்காமலே மேகங்களைக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் மேகம் சார்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். சொந்த ஊரான மானாம்பதியில் ஓர் அறை பிடித்து, மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டரின் பத்துப் பழைய பெட்டிகளை அடுக்கியிருந்தார். அவற்றுக்குள் கணக்கால் ஒரு மேகத்தைச் செய்து, வெளிச்சத்தைத் துளித்துளியாக உள்ளே விடுவார். ஒவ்வொரு துளியும் எந்த நீர்த்திவலையில் மோதுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, தரைக்கு வருகிறதா, வானத்துக்கே போகிறதா என்று கோடிக்கணக்கில் எண்ணுவது பெட்டிகளின் வேலை. அந்த மேகம் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் அங்கே நெல் கொள்முதல் நிலையப் பொறுப்பாளர். ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணீரை அளக்கக் கருவி தரப்படவில்லை.

கஸ்தூரி என்ற விவசாயப் பெண்ணின் ஐந்து மூட்டையையும் அப்படித்தான் திருப்பினேன். நிலையம் மூட மூன்றே நாள். ரோட்டோரம் கொட்டிக் காயவைத்தாள். வானம் கறுத்தது. அந்த வழியாக மேகம் சார் வந்தார்.

"சாரே, இருட்டிக்கினு வருது. தார்ப்பாய் போட்டு மூடிடட்டா?"

"மூடாதம்மா. மேகம் துண்டு துண்டா கீது. ஓரத்துல பட்டு செதர்ற வெளிச்சமும் சேந்துக்கும். இப்பதான் வெயில் ஜாஸ்தி."

சொன்னபடி சுள்ளென்று அடித்தது. அவள் நம்பி, சாப்பிட வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே மழை கொட்டியது.

"இன்னா சார், உன் கம்ப்யூட்டரு இப்டி பேஜார் பண்ணிட்ச்சே!"

"அதுகிட்ட வெளிச்சத்ததான் கேட்டேன்மா. மழைய கேக்கல."

சொல்லும்போதே அவர் முகம் செத்துவிட்டது. மழை விடுவதாக இல்லை. நனைந்த நெல்லை அவரே சுமந்துபோய்த் தன் அறைத் தரையில் பரப்பினார்.

"பத்துப் பொட்டியும் அடுப்பாட்டம் கொதிக்குது. காஞ்சிடும்மா."

ஜன்னலில் ஃபேன் வைத்து இரண்டு நாள் கிளறினார். நெல் காயக் காயத் தூசி பறந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேகம் பாதியில் நின்றது. அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

கடைசி நாள் கருவியை வைத்தேன். நெல் தேறியது. எங்கே காயவைத்தது என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஒரு படிவத்தின் குறைக்கு நான் மகிழ்ந்தது அன்றுதான்.

மாலை அவர் அறைக்குப் போனேன். இரண்டு பெட்டிகள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன.

"பரவால்ல சார், ரெண்டு கீது. வெளிச்சத்த மொதல்லேர்ந்து விடலாம்" என்றார்.

என் பணி விதிகளில் எங்கும் இல்லாத வேலைதான். பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, மூன்றாவது பெட்டியைத் திறந்து, உமித்தூசியைத் தட்ட உட்கார்ந்தேன்.