பெண் பார்க்கப் போய்ப் பம்பைக் கழற்றிய கதை

பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தவிர வேறு எதன்மீதும் கை வைக்கக் கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமே வராது என்று நினைத்திருப்பார்கள். நான் ஒருவன் பிறப்பேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனியில் தண்ணீர்ப் பிரிவில் இருந்தேன். (இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அவர்களுக்கும் வேறு வழியில்லை.) பம்பிலிருந்து கிளம்புகிற தண்ணீர் குழாய்களில் ஓடி, கொதிக்கிற இரும்பைக் குளிர வைத்து, கூலிங் டவரில் சூடாறி, மறுபடி பம்புக்கே வரும். அந்தச் சுற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படித்துக் கற்றதில்லை, கேட்டும் நனைந்தும் திட்டு வாங்கியும் கற்றது. அதனாலேயே தண்ணீர் என்று யார் பேச்சை ஆரம்பித்தாலும் அதை முடித்து வைப்பவன் நானாக இருப்பேன்.

பெண்ணுக்கு ஊர் ஆரம்பாக்கம். பெயர் ரேவதி. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வந்த புகைப்படத்தில் வெட்கப்பட்டுத் தரையைப் பார்க்காமல், கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு என் கதை முடிந்தது. "டேய், இட்லியைச் சட்டினில தொட்றா, ஃபோட்டோல தொடாத" என்று அம்மா சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். இவள் சரி என்று சொல்லாவிட்டால் கூலிங் டவர் அடியிலேயே சாமியாராக உட்கார்ந்துவிடுவது என்றும் முடிவெடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, ஏகாம்பரம் மாமா, நான் மூவரும் போனோம். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது, பெண் வரவில்லை. உள்ளறையிலிருந்து மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ரேவதியின் அப்பா நெல் விவசாயி. அன்றைக்கென்றே எடுத்த புது வெள்ளை வேட்டியில் சங்கடமாக நெளிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. பொண்ணு கேம் ஆட்ற கம்ப்யூட்டர் ஒண்ணு வெச்சுக்கினு கீது. ஒவ்வொண்ணா வாங்கி அதுவே மாட்னது. சூடு ஆறதுக்கு உள்ள தண்ணி ஓடுது. இன்னா ஆச்சோ, காத்தாலேந்து சூடாயி சூடாயி அணைஞ்சு போவுது. அந்தப் பேஜார்லதான் கீது."

தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா என் தொடையில் பலமாக ஒன்று வைத்தார். "எங்க பையன் இரும்பையே ஆத்தறவன்! பொட்டி இன்னா பெரிய பொட்டி? டேய் குமாரு, எழுந்துருடா!"

உட்கார்ந்திருக்கலாம். எழுந்தேன்.

உள்ளே உயரமான மேசைமேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வளைந்து வளைந்து குழாய்கள், குழாய்களுக்குள் ரோஸ் நிறத் தண்ணீர். பெட்டியின் தலையில் பூவேலை செய்த கனமான விரிப்பு ஒன்றைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா ஜாடி வைத்திருந்தார்கள். ஜாடியை ஓரம் வைத்தேன். விரிப்பைப் பதவிசாக மடித்துக் கட்டிலில் போட்டேன். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ரேவதி நிமிர்ந்தாள். அவளிடம் முதலில் என்ன பேசுவது என்று வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் ஆவியாகிப் போய், "ஸ்பேனர் இருக்கா?" என்றேன்.

"இன்னா சைஸ்?" என்றாள்.

(எதற்கு என்று கேட்கவில்லை, கவனியுங்கள். இன்னா சைஸ்! எனக்குத் தலை சுற்றியது.)

"கேம் தொறந்தா போதும், சூடு தொண்ணூறைத் தாண்டுதுங்க. பம்பு நல்லாத்தான் ஓடுது. உள்ள காத்து மாட்டிக்கினு கீதோன்னு டவுட்டு."

"காத்தேதான்" என்றேன், நாடி பிடிக்காமலே. எங்கள் கம்பெனியில் பம்பு திணறினால் காற்று, குழாய் அதிர்ந்தால் காற்று, சூப்பர்வைசர் முறைத்தாலும் காற்றுதான். வைத்தியமும் ஒன்றுதான்: பம்பு ஓடும்போதே ஓர் இணைப்பை லேசாகத் தளர்த்த வேண்டும். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் துப்பியதும் இறுக்கிவிட வேண்டும்.

ரேவதி மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பம்பு மட்டும் ஓடும்படி ஒயரை மாற்றினாள். (அந்தப் பெட்டி இன்று உயிரோடு இருக்கிறதென்றால் இந்த ஒரு காரியத்தால்தான்.) "மெதுவா சாய்ச்சாலே காத்து மேல வந்துரும். துடைக்கத் துணி எடுத்துக்கினு வர்றேன். எதையும் தொறந்துறாதீங்க" என்று போனாள்.

திறந்தேன்.

பம்பு என்னவோ எலுமிச்சம்பழம் அளவுதான். ஆனால் ரோஸ் தண்ணீர் வில்லாக வளைந்து கிளம்பி, வேடிக்கை பார்க்க வாசலில் நின்ற அவள் அப்பாவின் வேட்டியை இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைத்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே தாராளம், நிறம்தான் வேறு. நான் பாய்ந்து கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தேன். பக்கத்தில் தட்டோடு நின்ற மாமா நிதானமாக மென்றுகொண்டே சொன்னார்: "இன்னாம்மா, இந்த வெங்காயம் வேவவே இல்ல. இழு இழுன்னு இழுக்குது."

அது வெங்காயம் இல்லை. இணைப்பிலிருந்து தெறித்து அவர் சட்டினியில் விழுந்த ரப்பர் வளையம்.

ஓடி வந்த ரேவதி பம்பை நிறுத்தினாள். ஒரு வார்த்தை திட்டாமல் வேறு வளையம் மாட்டி இறுக்கினாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "கொட்டுனதுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும், எங்கிட்ட இல்லியே" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

மானத்தை மீட்க இதைவிட வாய்ப்பு வருமா? கூடத்தில் இன்வெர்ட்டரைப் பார்த்திருந்தேன். பக்கத்தில் பேட்டரித் தண்ணீர் கேன். "இதுவும் அதேதாங்க!" என்று தூக்கிக்கொண்டு வந்து, கையோடு நிரம்ப ஊற்றிப் பம்பையும் போட்டுவிட்டேன். கேனின்மேல் எழுதியிருந்தது சரிதான். உள்ளே இருந்தது வேறு.

வேட்டியை மாற்றிக்கொண்டு லுங்கியில் வந்த அவள் அப்பா கேனைப் பார்த்ததும் அலறினார். "ஐயையோ தம்பி! காலி கேன்ல நான் ஊத்தி வெச்சது அது! பயிருக்கு மருந்தடிக்கறப்ப, எலையில ஒட்டறதுக்குக் கலக்கறது! சோப்பு மாதிரி நுரைக்கும்!"

நுரைத்தது. குழாய் குழாயாக ஓடி, மூடியைத் தள்ளிக்கொண்டு, அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி பொங்கி மேசையில் வழிந்தது. ரேவதியின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பொங்கறது நல்ல சகுனந்தான்" என்றார், பாவம், யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று.

என் அம்மா மெல்ல எழுந்தாள். "சரிங்க, நாங்க ஊட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"உக்காருங்கத்தே" என்றாள் ரேவதி. "இதைக் கழுவாம அவரு எங்கயும் போவக் கூடாது."

(அத்தே! அவள் அதட்டியது என் காதில் விழவில்லை. அத்தே மட்டும்தான் விழுந்தது.)

அவள் அப்பா பைக்கில் போய் நிஜமான பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்தார். நான் வாளியும் கையுமாக, நுரை அடங்கும் வரை கழுவிக் கழுவி ஊற்றினேன். ஒருவழியாக ரேவதி கேமைத் திறந்தாள். சூடு பாதி வழியிலேயே நின்றது. அதற்குமேல் அசையவில்லை.

"சொன்னேன்ல? இரும்பையே ஆத்தறவன்!" என்றார் மாமா. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ரேவதியின் அம்மா அறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று விரிப்பை உதறிப் பெட்டியின் தலையில் போர்த்தி, ரோஜா ஜாடியை நடுவில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் எண்ணைப் பார்த்தோம். பிறகு விரிப்பைப் பார்த்தோம்.

"அம்மா! எப்பம்மா போட்ட இத? சூடு வெளிய போற வழியே அதாம்மா!"

"மாப்ள ஊட்டுக்காரங்க வர்றாங்களே, லட்சணமா இருக்கட்டுமேன்னு காத்தால போட்டேன்டி."

அதாவது, நான் அறைக்குள் நுழைந்து விரிப்பை மடித்த அந்த நொடியிலேயே கோளாறு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் சொந்தப் பங்களிப்பு.

ரேவதி நெற்றியில் அடித்துக்கொண்டு, "நானும்தான் பாக்கல" என்று சிரிக்க ஆரம்பித்தாள். மை கரைந்து கன்னத்தில் வழிகிற வரை சிரித்தாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் அவள் அப்பா. பெட்டியைக் கேட்கிறாரா, என்னைக் கேட்கிறாரா என்று தெரியாமல் நான் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க நைனா. இவரு ஸ்பேனர் கீதான்னு கேட்டாரு. எனக்கு ஓகே. பொட்டிய மட்டும் அவரு தொடக் கூடாது."

நிபந்தனை இன்றும் அமலில் இருக்கிறது. மாமா எந்த வீட்டிலும் பஜ்ஜியைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுகிறார்.

போன வாரம் ஆரம்பாக்கத்து வீட்டில் மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. "இது நமக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்று எழுந்தேன். மாமனாரும் எழுந்தார். உள்ளே போய் வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப ஆரம்பிங்க மாப்ளே" என்றார்.