ஏரோப்ளேனிடம் மாப்பிள்ளையின் வயதைக் கேட்டவர்

மனுஷனுக்கு முகம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் முழு ஆயுளையும் ஓட்டிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, திருமுல்லைவாயில் றெக்கை பாய்தான். அவர் பேரை எடுத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். நான் எதையும் நிதானமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனை ஒட்டி அவருக்கு மளிகைக் கடை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே நடுங்கிக்கொண்டிருந்த காலம். பொட்டலம் மடிக்க இங்கிலீஷ்காரர்கள் படித்துப்போட்ட பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்குவார். அதில் ஏரோப்ளேன் போட்டோ வந்துவிட்டால் அந்தத் தாளில் பொட்டலம் கிடையாது. மிளகாயை முந்தானையில் வாங்கிக்கொண்டு தும்மிக்கொண்டே வீடு வரவேண்டியதுதான்.

பிளேனை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவார். பக்கத்தில் நின்ற துரை, துரைசாணி எல்லோரும் கத்தரிக்கோலுக்குப் பலி. சில படங்களில் றெக்கைமேல் வைத்த கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

"யார் கை பாய் இது?" என்று கேட்டால், "கையா? எங்கே கீது?" என்பார்.

ஆவடிப் பக்கம் வானத்தில் சத்தம் கேட்டால் தராசை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவார்.

"பாய், என் பருப்பு!"

"இரும்மா, மொட்டை வால் போவுது!"

இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் பேரெல்லாம் அவரே வைத்தது. மொட்டை வால், கொக்கு மூக்கு, மேலும் கீழும் றெக்கை அடுக்கியிருந்தால் ரெட்டைத் தட்டு. முந்தின உலகச் சண்டையில் பஸ்ராவுக்குப் போய்ப் பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டவர். அங்கே பார்த்த பிளேன் ஒன்றையும் மறக்கவில்லை. எந்தப் போட்டோவை நீட்டினாலும், இது போன சண்டை, இது இந்தச் சண்டை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்புதான் என் தலையில் விழுந்தது.

எனக்கு நசரத்பேட்டையில் மாப்பிள்ளை பேசினார்கள். ஆவடி மிலிட்டரி டிப்போவில் தச்சு வேலை. தரகர் கொண்டுவந்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு பிளேன் பக்கத்தில் நின்றார். என் கெட்ட காலம், என்னைப் பெற்ற நைனா அதை எடுத்துக்கொண்டு போய் பாயிடம் காட்டினார்.

"ரெட்டைத் தட்டு அண்ணாத்தே! பஸ்ராவுல பாத்தது. போன சண்டையோட இத்த ஒடைச்சிப் போட்டுட்டானே!"

"அப்போ இந்த போட்டோ?"

"பிளேன் இருந்தப்பதானே போட்டோ புடிக்க முடியும்?"

நைனா விரல் விட்டு எண்ணினார். அப்போதே வாலிபன் என்றால் இப்போது நாற்பத்தைந்துக்குக் குறையாது. "தரகன் கெய்வனோட பழைய போட்டோவைக் குட்த்து ஏமாத்திட்டான்!" என்று குதித்தார். சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்டார்.

அந்தப் போட்டோவை நான் சமையல்கட்டில் வைத்து நன்றாகப் பார்த்திருந்தேன். மீசை சரியாக முளைக்காத முகம். சட்டையோ இந்தக் காலத்துத் தையல். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்? ஏரோப்ளேனைக் கேட்டார்கள்!

மறுவாரமே மாப்பிள்ளை சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். வேர்வையும் கோபமுமாக நின்றவரைப் பார்த்ததும் நைனா திண்ணையிலிருந்து எழுந்துவிட்டார். பாயைக் கூட்டிவரச் சொன்னார். பாய் வந்து மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு தம்பி நீ?"

"இன்னா பாய், என் போட்டோவைப் பாத்துட்டுதானே கெய்வன்னு சொன்னே?"

பாய் போட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். "அட, இதுல ஆளு வேற கீறாரா?"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மிக்கல்லைத் தூக்கியிருப்பேன்.

"அது பிளேனே இல்ல பாய். பூந்தமல்லி ஸ்டுடியோல கீற பலகை. யாரோ பழைய படத்தைப் பாத்து வரைஞ்சி, பின்னாடி மூங்கில் முட்டு குட்த்து நிக்க வெச்சிகீறாங்க."

நின்றுபோன என் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்? மன்னிப்பு? அதுவும் இல்லை. "பலகையா? இந்தச் சண்டை நடக்கச்சே போன சண்டை பிளேனா? இன்னா அநியாயம்!" என்று கத்திக்கொண்டு நேராகப் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டார். நைனாதான் மாப்பிள்ளையிடம் கைகூப்பி, உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. அதற்குள் பாய், கல்யாண வேலை பார்க்கவேண்டிய மாப்பிள்ளையையே பிடித்து அந்த ஸ்டுடியோவுக்குப் புதுப் பலகைப் பிளேன் அறுக்க வைத்துவிட்டார். "றெக்கை இம்மாம் நீளம் இல்ல தம்பி, இன்னும் செதுக்கு!" முகூர்த்தத்துக்கு முந்தின நாள்வரை செதுக்கல்தான். கல்யாண மாப்பிள்ளை தலையெல்லாம் மரத்தூள்.

மாலையும் கழுத்துமாக நாங்கள் ஸ்டுடியோவில் நின்றபோது, அவசரத்தில் அடித்த ஆணி கழன்று றெக்கை என் தலைமேல் சாய்ந்தது. பாய் பாய்ந்துபோய்ப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார்.

"பாய், உன் கை தெரியுது!" என்றார் போட்டோக்காரர்.

"தெரிஞ்சா தெரியட்டும், நீ போட்டோ புடி! கையை யாரு பாக்கப் போறா?"

அந்தப் போட்டோ இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இது எந்த ஊர் பிளேன், எந்த வருஷத்துப் பிளேன் என்று தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் றெக்கை ஓரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நாலு விரல்தான்.

கையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றீர்களே பாய். விளக்கு ஏற்றும்போதெல்லாம் நான் அதைத்தான் பார்க்கிறேன்.