நான் பெருக்கித் தள்ளிய போட்டோ

என்னை ஒழுங்காகப் படம் பிடித்தவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. குற்றம் அவர்களுடையதல்ல. கேமராவைக் கண்டால் என் கழுத்து மரக்கட்டையாகிவிடும், மூச்சு நின்றுவிடும். எங்கள் கல்யாணப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி செல்வி, "பொணத்துக்கு மாலை போட்ட மாதிரி நிக்கிறீங்க" என்பாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகாயும் அடுக்கும் குடோன் ஒன்றில் சாக்குத் தைப்பது என் வேலை. போன வருஷம் மழைக்கு முன்னால் நீது என்ற மலையாளப் பெண் அங்கே வந்தாள். இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவள். எங்கள் கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. பத்து மணிக்கு அது வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கும். தூணுக்குள் சுக்குத் தூசி மிதக்கும். அதற்குள்தான் தினமும் உட்கார்ந்து தைக்கிறேன். எனக்கு அது கண்ணைக் கூசவைக்கும் தொல்லை. அவள் வாயைப் பிளந்து பார்த்த பிறகுதான் அது அழகு என்று தெரிந்தது.

மூன்று நாள் மேகம். மூன்று நாளும் மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் "தாடையைத் தூக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார். ஒரு படத்துக்காக இத்தனை பொறுமையா என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

நாலாம் நாளை விட்டால் வழியில்லை. அன்று மதியம் ஓடு மாற்ற ஆள் வருகிறது என்று முதலாளி சொல்லிவிட்டார். முந்தின சாயங்காலம் நீது என்னிடம் வந்தாள்.

"சேட்டா, நாளைக்கும் இப்படித்தன்னே இருக்கணும். ஒண்ணும் மாத்தண்டா."

(வீட்டுக்கு வருகிறவர் 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொன்னால், பாலை அடுப்பில் வை என்றுதானே நம் ஆட்களுக்கு அர்த்தம்.)

விடிந்ததும் போய் ஒட்டடை அடித்தேன். தண்ணீர் தெளித்து மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினேன். சவரம் செய்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றேன்.

பத்து மணிக்கு அருமையான வெயில். ஆனால் தூண் இல்லை. தரையில் தோசை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் கிடந்தது.

"பொடி எவிடெ சேட்டா?"

"தூசியா? பெருக்கிட்டேம்மா. படத்துல அழுக்குத் தெரியக் கூடாதில்ல."

அவள் திட்டவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்குத் தாங்கவில்லை. தூசிதானே வேண்டும்? கையில் கிடைத்த காலிச் சாக்கை உதறிக்கொண்டு வெளிச்சத்துக்குள் பாய்ந்தேன். பாரம் தூக்கும் மஜீத் இக்கா வாசலில் இருந்து கத்தினார்.

"எடா முருகேசா, அது முளகுச் சாக்காணு!"

முளகு என்றால் மிளகாய். அவர் சொல்வதற்குள் நான்கு உதறு உதறிவிட்டேன். நான் போட்ட முதல் தும்மலில் முகத்துப் பவுடர் பாதி போய்விட்டது. மஜீத் இக்கா தலையில் இருந்த மூட்டையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். நீதுவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. ஆனால் போனைப் பிடித்த கை மட்டும் அசையவில்லை. அந்தக் கைக்குத்தான் நான் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீது இன்ஸ்டாகிராமில் போட்ட படம் செல்வியின் போனுக்கு வந்தது. சிவப்புப் புகைத் தூண். நடுவில் இரண்டு கையும் விரிந்து, சாக்கு சிறகு மாதிரி பறக்க, முகம் முழுக்கக் கண்ணீரோடு ஒருவன். நல்லவேளை, அவன் நான்தான் என்று சட்டையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

செல்வி கொச்சியில் படித்தவள். கீழே மலையாளத்தில் எழுதியிருந்ததை எல்லாம் எனக்குப் படித்துச் சொன்னாள்.

"'உழைப்பாளியின் கண்ணீர்'னு ஒருத்தர் எழுதிருக்கார்."

"மிளகாய்னு போடச் சொல்லு."

"இன்னொருத்தர் துபாயிலேர்ந்து. 'என் வாப்பா வேலை பார்த்த குடோன் வாசம் இங்க வரைக்கும் வருது'ன்னு."

சட்டம் போட்டு மாட்டியிருந்தால் அந்தப் படத்தை நாலு பேர் பார்த்திருப்பார்கள். இப்போது யாரோ ஒருவர் எங்கோ இருந்துகொண்டு தன் அப்பாவைப் பார்த்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியாது.

போன மாதம் சுள்ளிக்கல்லில் செல்வியின் தம்பி கல்யாணம். மேடையில் என் கழுத்து வழக்கம்போல் கட்டையாகிவிட்டது. போட்டோக்காரர் சலித்துக் கேமராவைத் தாழ்த்தியபோது, செல்வி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. இவருக்குச் சாக்கு கொண்டு வரணும்."

அந்த ஆல்பத்தில் என் பல் தெரிகிறது.