மணமகள் கலியபெருமாள், வயது 23

கம்ப்யூட்டர் நாம் சொன்னதைத்தான் செய்யும். என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது, அது நாலு பேர் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் நமக்கே தெரியும்.

பிரௌசிங் சென்டர்கள் அமோகமாக ஓடிய காலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடியறைக் கம்பெனியில் நான் சாப்ட்வேர் இன்ஜினியர். (மாடியைக் கூட்டுவதும் நான்தான்.) சிதம்பரத்தில் பத்மா அக்கா நடத்திய திருமணத் தகவல் நிலையத்துக்கு இணையதளம் செய்வது என் முதல் வேலை.

பெண்களின் விவரம் ஒரு டேபிளில் (கட்டம் போட்ட அட்டவணைதான்), அப்பாக்களின் விவரம் இன்னொன்றில். இரண்டிலும் பெயருக்கான பத்திக்கு 'நேம்' என்றே வைத்திருந்தேன். இரண்டையும் இணைக்கும்போது எந்தப் பத்தி வேண்டும், எதை என்னவென்று அழைப்பது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஏது பொறுமை? எல்லாவற்றையும் கொண்டுவா என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். கொண்டுவந்தது. பின்னால் வந்த நேம், முன்னால் வந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சோதித்தபோது புகைப்படம் வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். (கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன்.)

தளம் திறந்த மறுநாளே மங்கலம்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் பத்மா அக்காவை போனில் பிடித்துக்கொண்டார்கள். புடவையும் பின்னலுமாக ஒரு பெண். கீழே, 'கலியபெருமாள், வயது 23, கோலம் போடுவதில் ஆர்வம்'. கேலி செய்கிறீர்களா என்று கேட்டு, சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார்கள். முதலாளி என்னைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அங்கே மீசையோடு கலியபெருமாளே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் தமிழ்ச்செல்வி. அண்ணாமலை நகரில் எம்.சி.ஏ. படிப்பவள். வைரஸ், சர்வர் கோளாறு என்று நான் அளந்ததையெல்லாம் இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"ரெண்டு டேபிள்லயும் நேம்னே வச்சிட்டீங்களா?" என்றாள் அவள் மெதுவாக.

தலையாட்டினேன். அக்காவின் கம்ப்யூட்டரில் அவளே உட்கார்ந்து, வேண்டிய பத்திகளை மட்டும் எழுதி, அப்பாவின் நேமுக்கு வேறு பெயர் கொடுத்தாள். மறுபடி திறந்தால் திரையில் தமிழ்ச்செல்வி. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எனக்குக் கோலம்லாம் வராது தம்பி," என்றார் கலியபெருமாள்.

மங்கலம்பேட்டைக்காரர்கள் திரும்பி வரவில்லை. அவள் படிப்பு முடிந்ததும் பத்மா அக்கா மூலமாக எங்கள் வீட்டிலிருந்துதான் பெண் கேட்டுப் போனோம். கல்யாணப் பத்திரிகை அச்சாகிற இடத்துக்கு மட்டும் மாமனார் என்னை விடவேயில்லை.

இன்றும் நான் மனைவிக்கு போன் செய்யும்போது அதை மாமனார் எடுத்துவிட்டால், "சொல்லுங்க மாப்ள, பொண்ணுதான் பேசறேன்" என்பார்.