நட்டத்தார் வருமானம் சொன்ன நாள்

லாபம் என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாமல் மூன்று வீடு கட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பெரம்பலூரில் எங்கள் தெருவில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் நட்டத்தார்.

சின்ன வெங்காய வியாபாரி. செட்டிகுளம் பக்கம் வெங்காயம் போடும் சொந்தக் காடும் உண்டு. “யாவாரம் எப்படிங்க?” என்று கேட்டால் “நட்டந்தான்” என்பார். மழை பெய்தால் அழுகிப்போன நட்டம். பெய்யாவிட்டால் காய்ந்துபோன நட்டம். அளவாகப் பெய்தால் எல்லோருக்கும் விளைந்து விலை போகாத நட்டம். ஓர் ஆண்டு வெங்காய விலை எகிறி, தொலைக்காட்சியில் அதைத் தங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். அன்றைக்கு நட்டத்தார் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருந்தார். “வெல ஏறி என்ன பண்றது, சரக்கு நம்மகிட்ட இல்லியே” என்றார். அவருக்குப் பின்னால் அவருடைய சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

புது மொபெட் வாங்கினால் நாம் கோயிலுக்கு ஓட்டிப்போய் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். அவர் நேரே காட்டுக்கு ஓட்டிப்போய் வண்டிக்குச் சேறு பூசிக் கொண்டுவந்தார். “பழைய வண்டி. மச்சான் தலையில கட்டிட்டான்” என்றார். மாதம் ஒருமுறை மஞ்சள் பையோடு சமயபுரம் போவார். திரும்பும்போது நெற்றி நிறையக் குங்குமம் இருக்கும். ஆத்தாளைப் பார்த்தது அரை மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் திருச்சியில் ஒரு வங்கியில் உட்கார்ந்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. பெரம்பலூர் வங்கிகளில் தெரிந்த முகங்கள் அதிகமாம்.

நான் அவருக்கு எதிர் வரிசையில் குடியிருந்தேன். என் வீட்டு ஓனர் திருச்சிக்காரர், பார்த்ததில்லை. அவர் சார்பில் வாடகை வாங்கிப் போவது நட்டத்தார். ஐப்பசி பிறந்தால் என் புத்தக அறை ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகும் இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “புத்தகத்தையே வைங்க, உறிஞ்சிக்கும்” என்றாள் என் மனைவி. ஓனருக்கு நான் எழுதிய கடிதங்கள் என் எழுத்திலேயே உருக்கமானவை. நட்டத்தார் வாங்கிப் போவார், இரண்டு நாள் கழித்து வாடிய முகத்தோடு வருவார். “காட்டுனேன் சார். அந்தாளு மனுசனே இல்ல. கல்நெஞ்சுக்காரன்” என்று எனக்காக வருந்துவார்.

அவருக்கு ஒரே மகள், கயல்விழி. அவர் மட்டும் அவளைக் குப்பாயி என்று கூப்பிடுவார். நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிவிட்டாள். எங்கள் தெரு அந்தத் தேசம் முழுவதையும் லண்டன் என்றே அழைத்தது. அவளைக் கட்டியவன் சுரேஷ், உடையார்பாளையத்துப் பையன், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. கல்யாணம் முடிந்து அவள் திரும்பிப் போனாள். குழந்தை அங்கேதான் பிறந்தது. தன் மகனை சுரேஷ் செல்போனில் மட்டுமே பார்த்திருந்தான்.

அவன் போய்ச் சேர விசா வேண்டும். கணவனை வரவழைக்கிற மனைவி, தனக்குப் போதுமான வருமானம் இருக்கிறது என்று அந்த அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பிள்ளை பெற்றபின் கயல்விழி பாதி நேரந்தான் வேலைக்குப் போனாள். சம்பளம் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே நின்றது. அப்படிக் குறைந்தால் வங்கியில் சேமிப்பைக் காட்டலாம். பெற்றவர் அன்பளிப்பாகக் கொடுத்த பணமாகவும் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்றும் காட்ட வேண்டும்.

நட்டத்தார் அடுத்தடுத்து சமயபுரம் போய் வந்தார். பாவம், மகளுக்காக வேண்டுதல் போலிருக்கிறது என்று தெரு நினைத்தது.

ஆறு மாதம் கழித்து சுரேஷ் விண்ணப்பம் போட்டான். அவனும் நம்மூர்ப் பிள்ளைதானே. கேட்ட தாளை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது நம் ரத்தத்தில் கிடையாது. வட்ட முத்திரை விழுந்த எதையும் விட்டுவைக்கக் கூடாது, கனம் கூடினால் மதிப்புக் கூடும் என்பது நம் நம்பிக்கை. மாமனார் வீட்டு பீரோவில் முத்திரையோடு கிடந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டான். அதில் ஒன்று, கயல்விழி கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்காக வாங்கிய வருமானச் சான்றிதழ். தந்தையின் மாத வருமானம் ஆறாயிரம் ரூபாய்.

லண்டனிலிருந்து கேள்வி வந்தது. மாதம் ஆறாயிரம் ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர் இவ்வளவு பெரிய தொகையை மகளுக்கு எப்படி அன்பளிப்பாகக் கொடுத்தார்? உரிய காலத்தில் விளக்காவிட்டால் மனு தள்ளுபடி. நியாயமான கேள்விதான். இத்தனை ஆண்டுகளில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

மாமனாரும் மருமகனும் என்னிடம் வந்தார்கள். தெருவில் ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பவன் நான்தான். படிக்கிறேனா என்று யாரும் விசாரித்ததில்லை. விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வருமானச் சான்றிதழ் என்பது ஒருவருக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வதில்லை, கேட்கிற சலுகைக்கு எவ்வளவுக்குள் வர வேண்டும் என்பதைச் சொல்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். போலீசில் கொடுத்த வாக்குமூலம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

“ஒரே வழிதாங்க. உண்மையான வருமானத்தைப் போட்டுப் புதுசா ஒரு சான்றிதழ் வாங்கணும்” என்றேன்.

“உண்மையான வருமானமா” என்றார் நட்டத்தார், எழவுச் செய்தியைத் திருப்பிக் கேட்பதுபோல.

“ஆமாங்க. எவ்வளவு வரும்?”

“என்னத்த சார் வருது. நட்டந்தான்.”

“மாமா” என்றான் சுரேஷ். செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தான். திரையில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

நட்டத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போன எடுத்து உள்ள வைங்க மாப்ள. கண்ணு படும்.”

மறுநாள் மூவரும் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனோம். கிராம நிர்வாக அலுவலர் ஒரு சுறுசுறுப்பான அம்மா. மனுவை இரண்டு தடவை படித்தார். “வருமானத்தக் கொறச்சுப் போடுங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. கூட்டிப் போடச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். எதாச்சும் லோனுங்களா?”

“லோனு இல்லம்மா. மாப்ள பொண்டாட்டி புள்ளயோட போய் இருக்கணும். அதுக்குத்தான்.”

“தெருவுல வந்து விசாரிச்சுட்டுத்தான் எழுதுவேன்.”

வெளியே வேப்பமரத்து நிழலில் மொபெட்டின் மேல் சாய்ந்து நின்றோம். சுரேஷ் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தான். வாயைத் திறந்து ஒரு தொகை சொல்வதில் அப்படி என்னங்க கஷ்டம் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஹேண்டில் பாரைத் துடைத்தார்.

“குப்பாயிக்கு முன்னால ஒரு பையன் சார். தொட்டில்ல போட்ட அன்னிக்கு, ராசா மாதிரி இருக்கான் பாருங்கன்னு வந்தவங்க அத்தன பேருகிட்டயும் சொன்னேன். மஞ்சக்காமாலை.” ஹேண்டில் பாரை மறுபடி துடைத்தார். “பொறவு இவ பொறந்தா. குப்பாயின்னு கூப்பிட்டேன். குப்பைய யாரு சார் தூக்கிட்டுப் போவா?”

அந்தக் கேள்விக்குப் பதில் என் புத்தகங்களில் எங்காவது இருந்திருக்கலாம். ஒழுகலில் நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வி.ஏ.ஓ. அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இங்கே எங்கள் தெருவின் தர்மம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகாரி யாராவது வந்து பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தைக் கேட்டால் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும் இதில் மட்டும் பகை பார்ப்பதில்லை. இன்றைக்கு அவருக்கு, நாளைக்கு நமக்கு. ‘கூட்டிச் சொல்லுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்க நட்டத்தாருக்கு நாக்கு எழவில்லை.

முதலில் ஜமீலா அக்கா. லப்பைக்குடிகாட்டுக்காரர், கணவர் துபாயில். “அல்லா அறியச் சொல்றேம்மா, பாவப்பட்ட மனுசன். அவங்க வூட்டுல கறி எடுத்து நான் பாத்ததில்ல. நோன்புக் கஞ்சி குடுத்தா கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குவாரு.”

அடுத்து இஸ்திரிக் கடைக்காரர். “மொத்தமே ரெண்டு சட்டதாங்க. அதுல ஒண்ணுக்குக் காலர் கெடையாது.”

கடைசியாக டீக்கடை மணி. வி.ஏ.ஓ. அம்மா பழைய சான்றிதழைப் பார்த்து, “மாசம் ஆறாயிரம்னு போட்டிருக்கே” என்றார்.

“அவ்வளவெல்லாம் வராதும்மா” என்றான் மணி. “எழுதறதா இருந்தா நாலுன்னு எழுதுங்க.” சொல்லிவிட்டு நட்டத்தாரைப் பார்த்துக் கண்ணடித்தான். கவலைப்படாதீர்கள், காரியத்தை முடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

வி.ஏ.ஓ. அம்மா பேனாவை மூடினார். “தெருவே ஒண்ணா சொல்லுது. நான் எப்படிங்க கூட்டிப் போடறது?”

சுரேஷ் தரையைப் பார்த்தபடி நின்றான். நட்டத்தார் அவனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டினார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ‘தூ, தூ’ என்று ஓரமாகத் துப்பினார்.

“அம்மா, இவங்கள்லாம் நல்லவங்க. பொய் சொல்றாங்க” என்றார். “எனக்கு வருது.”

“எவ்வளவுங்க?”

உதடு மட்டும் அசைந்தது.

“கேக்கலிங்க. சத்தமாச் சொல்லுங்க. இவங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

சத்தமாகச் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன். அவர் கண்ணேறுக்கு அஞ்சுகிறவர், இந்தப் பத்திரிகைக்கு வாசகர்கள் அதிகம். மணி ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. நட்டத்தார் நிறுத்தவில்லை. முள்ளை விழுங்கியவர் கக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காடு, வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறை, திருச்சியில் வைப்புத்தொகை.

“வூடு மூணு. நான் இருக்கறது ஒண்ணு. துறைமங்கலத்துல ஒண்ணு. அப்பறம்...” என் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். “சார் இருக்கற வூடு.”

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. “அப்ப அந்தத் திருச்சி ஓனர்?”

“நாந்தான் சார்.”

“கல்நெஞ்சுக்காரன்னு சொன்னீங்களே.”

“தப்பா ஒண்ணும் சொல்லலியே.”

ஜமீலா அக்கா, “இவருக்கா நான் கஞ்சி குடுத்தேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஆனால் சாட்சிக் கையெழுத்தை முதலில் போட்டவரும் அவர்தான்.

சான்றிதழ் வந்தது. இந்தமுறை என் விளக்கக் கடிதம் சுருக்கமாக இருந்தது. உண்மையை எழுதுவதற்கு இவ்வளவு குறைந்த ஆங்கிலம் போதும் என்பது எனக்கே செய்தி. நட்டத்தார் அதன் பிறகு நிம்மதியாக இல்லை. சொன்னதற்குக் கண்ணேறு பட்டுவிடுமோ, வாய்விட்டதற்கு வட்டி கேட்டு எதுவும் வருமோ என்று காத்திருந்தார். தினமும் விடிந்ததும் மகளுக்குப் போன் போட்டு, “புள்ளைக்கு உடம்பு சுடுதா, கண்ணு மஞ்சளா இருக்கா பாரு” என்பார். எதுவும் வரவில்லை. விசாதான் வந்தது. சுரேஷ் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் வந்த அன்று, டீக்கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் துண்டால் முகம் துடைத்தார். வெயில் அப்படி ஒன்றும் அடிக்கவில்லை.

என் கூரையையும் சரிசெய்து கொடுத்தார். அடுத்த மாதமே வாடகையை ஏற்றினார். “ஓனர் கேக்கறாரு சார்” என்றார். பழக்கம்.

இப்போது நான் அரியலூருக்கு வந்துவிட்டேன். சென்ற மாதம் அரியலூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கூட வரதராஜன்பேட்டை வியாபாரி ஒருவர். பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“சுமாராத்தான் இருக்கான் சார். கருப்பா, நோஞ்சானா. ஏதோ கெடக்கான்” என்றார். சொல்லிக்கொண்டே செல்போனைச் சட்டைப் பைக்குள்ளிருந்து பாதி எடுத்து, எனக்கு மட்டும் காட்டிவிட்டு மூடினார். அந்தக் கன்னத்துக்குத் திரை போதவில்லை.

“சார் யாருங்க?” என்று அந்த வியாபாரி கேட்டார்.

“நம்ம தெருவுல குடியிருந்தவரு. பத்திரிகையில ஏதோ எழுதுவாரு.”

“நல்லா எழுதுவாரா?”

நட்டத்தார் என்னைப் பார்த்தார். ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்.

“சுமாராத்தான்” என்றார்.

எனக்குச் சால்வை போர்த்தியவர்கள் உண்டு. மேடையில் ஏற்றி வாயாரப் புகழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவர்கூட என்னைத் தன் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததில்லை.